சோதனை ஓட்ட நேரங்களை நம்பி அணியைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஆறு பேர். ஒவ்வோர் ஆண்டும் ஃபார்முலா 1 சீசன் தொடங்குவதற்கு முன்பு, எந்த அணி, எந்த ஓட்டுநர் சாம்பியன் ஆவார்கள் என்று தனித்தனியே எழுதி வைப்போம். தவறாகக் கணித்தவர்கள் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். நான் ஃபெராரி ரசிகன். சீசனுக்கு முன் பஹ்ரைனில் நடக்கும் சோதனை ஓட்டத்தில் ஃபெராரி முதலிடம் பிடித்தால் அதை நம்பி எழுதலாமா? டெலிகிராமில் ஒருவர், அணிகளின் உள்தகவல் தன்னிடம் இருப்பதாகவும் 4,000 ரூபாய் செலுத்தினால் தருவதாகவும் சொல்கிறார். நண்பர்கள் பங்கு போட்டுச் செலுத்தலாம் என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், திருப்பூர்)

பதில்: பணம் செலுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெராரி பற்றிய கேள்விக்கும் விடை எளிதுதான்: நாள் முடிவில் வெளியாகும் நேரப் பட்டியலில் உங்கள் அணி முதலிடத்தில் இருந்தாலும் சரி, பதினோராவது இடத்தில் இருந்தாலும் சரி, அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் எழுதாதீர்கள்.

ஒரு கார் ஒரு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடித்தது என்பது மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த நேரத்தில் காரில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பது அதில் இருக்காது. ஒரு கிலோ எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.03 நொடி கூடுதலாகும் என்பது எங்கள் துறையில் பொதுவாகப் போடும் கணக்கு. ஒரு கார் 10 கிலோ எரிபொருளுடன் 1 நிமிடம் 33.0 நொடியிலும், இன்னொரு கார் 60 கிலோவுடன் 1 நிமிடம் 34.5 நொடியிலும் சுற்றை முடித்தால், மற்றவை எல்லாம் சமமாக இருக்கும்போது, அவை இரண்டும் ஒரே வேகமுள்ள கார்கள். பட்டியலிலோ ஒன்று முதலிடத்தில் நிற்கும், மற்றது பத்துக்கும் கீழே கிடக்கும். இதோடு டயர் வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்மையான டயருக்கு ஒரு படி மாறினாலே அரை நொடி வரை குறையக்கூடும். பஹ்ரைனில் பிற்பகல் வெயிலில் ஓடிய காரும், வெயில் தாழ்ந்து தரை குளிர்ந்த பிறகு ஓடிய காரும் ஒரே பட்டியலில்தான் இடம்பெறும். 2026 கார்களில் மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்ந்திருப்பதால், மின்கலத்தின் ஆற்றலை எந்த இடத்தில் எவ்வளவு செலவழிப்பது என்பதை மாற்றியே ஓர் அணி தன் உண்மையான வேகத்தை மறைத்துக்கொள்ளவும் முடியும்.

கடந்த ஆண்டையே பாருங்கள். 2025 பஹ்ரைன் சோதனையின் மூன்று நாள்களையும் சேர்த்துப் பார்த்தால் மிக வேகமான சுற்றை ஓட்டியவர் வில்லியம்ஸ் அணியின் கார்லோஸ் சைன்ஸ். அவருடைய நேரம் 1 நிமிடம் 29.348 நொடி. அந்த ஆண்டு அணிகளுக்கான பட்டத்தை வென்றது மெக்லாரன், ஓட்டுநர் பட்டத்தை வென்றவர் லாண்டோ நோரிஸ், வில்லியம்ஸ் பிடித்தது ஐந்தாம் இடம். பட்டியலை நம்பியவர்கள் தவறவிட்டது, அதே சோதனையின் இரண்டாம் நாளில் நோரிஸ் ஓட்டிய நீண்ட ஓட்டத்தை. உங்கள் ஃபெராரிக்கே இது நடந்திருக்கிறது. 2019-இல் பார்சிலோனா சோதனையின் முடிவில் செபாஸ்டியன் வெட்டல் 1 நிமிடம் 16.221 நொடியுடன் முதலிடம், மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டன் வெறும் 0.003 நொடி பின்னால். அந்த ஆண்டு ஃபெராரிதான் என்று உலகமே எழுதியது. மெல்போர்னில் முதல் பந்தயத்தை மெர்சிடிஸின் வால்ட்டேரி போட்டாஸ் வென்றார். வெட்டல் ஏறத்தாழ 57 நொடி பின்தங்கி நான்காவதாக வந்தார். முதல் ஐந்து பந்தயங்களிலும் மெர்சிடிஸ் கார்களே முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன.

பந்தய வார இறுதியில் காரை எடை மேடையில் ஏற்றிக் குறைந்தபட்ச எடையைச் சரிபார்ப்பது போன்ற கண்டிப்பு சோதனை ஓட்டத்தில் இல்லை. ஆகவே நிதி தேடும் அணி, விளம்பரதாரரின் கண்ணில் படுவதற்காக இலகுவான காரை ஓட்டி நல்ல நேரம் காட்டலாம். 2001-இல் ப்ரோஸ்ட் அணி, ஜான் அலேசியின் கையில், குளிர்காலச் சோதனைகளில் முன்னணி நேரங்களைக் காட்டியது. அந்த ஆண்டு முழுவதும் அந்த அணி பெற்றவை 4 புள்ளிகள். 2002 தொடக்கத்தில் அணியே இல்லாமல் போனது.

இவையெல்லாம் விளையாட்டை நடத்துபவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ரசிகர்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு, நாள் முழுவதும் ஒளிபரப்பி, மாலையில் எரிபொருள் பற்றி ஒரு வரிகூட இல்லாத பட்டியலைக் கொடுப்பது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் டயர் வகையையும், ஓட்டம் தொடங்கும்போது காரின் எடை எந்த வரம்புக்குள் இருந்தது என்பதையும் அச்சிடுவது ஒரு நாள் வேலை. அணிகள் சம்மதிக்காது என்று காரணம் சொல்கிறார்கள். 2026 ஜனவரி கடைசி வாரத்தில் பார்சிலோனாவில் நடத்திய முதல் சோதனையைப் பார்வையாளர்களுக்கும் ஊடகங்களுக்கும் கதவடைத்தே நடத்தினார்கள். விதிகள் அடியோடு மாறிய ஆண்டில் இப்படித் திரை போட்டால், அந்த இருட்டில் யார் கடை விரிப்பார்கள் என்பதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும். உங்களுக்கு டெலிகிராமில் செய்தி அனுப்பியவர் அங்கிருந்துதான் வருகிறார்.

அப்படியானால் பஹ்ரைனில் பிப்ரவரி 11 முதல் 13 வரையிலும், 18 முதல் 20 வரையிலும் எதைப் பார்ப்பது? நீண்ட ஓட்டங்களை, அதாவது லாங் ரன்களைப் பாருங்கள். ஒரு கார் பிட்டிலிருந்து, அதாவது டயர் மாற்றும் பாதையோர இடத்திலிருந்து, வெளியேறித் தொடர்ந்து பதினைந்து இருபது சுற்றுகள் ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். உதாரணமாக, ஒரு காரின் நேரங்கள் 1 நிமிடத்துக்கு மேல் 36.8, 36.9, 36.9, 37.0 நொடி என்று நகர்கின்றன, இன்னொன்று 35.9, 36.5, 37.1, 37.8 என்று நகர்கிறது. இரண்டாவது கார்தான் மாலைச் செய்தியில் வரும். பந்தயத்தில் முன்னால் நிற்கப்போவது முதல் கார், ஏனெனில் அது டயரைத் தின்னவில்லை. எரிபொருள் தீரத் தீரக் கார் இலகுவாகிக்கொண்டே வரும் என்பதால், நேரம் மாறாமல் நிற்பதற்கே டயர் ஓரளவு தேய்ந்தாக வேண்டும். அந்தத் தேய்மானம் எந்த அளவில் நிற்கிறது என்பதில்தான் காரின் தரம் இருக்கிறது.

எரிபொருளை மறைக்க முடியாத ஓட்டம் ஒன்று உண்டு. பஹ்ரைன் பந்தயத்தின் தூரம் 57 சுற்றுகள். சில அணிகள் சோதனையிலேயே அந்தத் தூரம் முழுவதையும் ஓட்டிப் பார்க்கும். அப்போது கார் பிட்டுக்குள் வந்து டயரை மட்டும் மாற்றிக்கொண்டு, கேரேஜுக்குள் தள்ளப்படாமல், உடனே வெளியேற வேண்டும். கேரேஜுக்குள் போகாததால் நடுவில் எரிபொருள் நிரப்பியிருக்க முடியாது; அப்படி ஓடிய கார் தொடக்கத்திலேயே 57 சுற்றுக்கான எரிபொருளைச் சுமந்திருக்கிறது என்று பொருள். அதன் நேரங்கள் நம்பத்தக்கவை. நடுவில் காரைப் பின்னோக்கித் தள்ளிக் கேரேஜுக்குள் கொண்டுபோய்த் தடுப்புப் பலகை வைத்துவிட்டால், அதன் பிறகு வந்த நேரங்களைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

சுற்றுகளின் எண்ணிக்கையும் உண்மை பேசும். 2014-இல் ஹெரெஸ் சோதனையின் நான்கு நாள்களில் ரெட் புல் ஓட்டியது 21 சுற்றுகள் மட்டுமே. அதுவரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சாம்பியனாக இருந்த அணி அந்த ஆண்டு பட்டத்தை மெர்சிடிஸிடம் இழந்தது. இந்த ஆண்டு எண்ணும்போது என்ஜின் வாரியாகக் கூட்டுங்கள். மெர்சிடிஸ் என்ஜின் நான்கு அணிகளிடம் இருக்கிறது, ஃபெராரி என்ஜின் புதிதாக வந்த காடிலாக்கையும் சேர்த்து மூன்று அணிகளிடம் இருக்கிறது. ஹோண்டாவுக்கு ஆஸ்டன் மார்ட்டின் மட்டுமே, ஔடிக்கு அதன் சொந்த அணி மட்டுமே. ஒரே அணியை வைத்துக்கொண்டு புது என்ஜினின் குறைகளைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் தரவு குறைவு என்பது வெளிப்படை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நண்பர்களில் யாராவது இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். 2008 டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் ஃபார்முலா 1-லிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்த அணியை அதன் நிர்வாகத்தில் இருந்த ராஸ் பிரான் குழுவினரே எடுத்துக்கொண்டு, மெர்சிடிஸ் என்ஜினைப் பொருத்தி, 2009 மார்ச்சில், சீசனுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். விளம்பரமே இல்லாத அந்த வெள்ளைக் கார் வந்தவுடனேயே மற்ற எல்லாரையும்விடத் தெளிவாக வேகமாக ஓடியது. விளம்பரதாரருக்காக இலகுவாக ஓட்டுகிறார்கள் என்று பலரும் ஒதுக்கினார்கள். கார் உண்மையிலேயே வேகமானது. ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். இரண்டு பட்டங்களும் பிரான் அணிக்கே போயின.

இதை அன்றே கண்டுகொண்டிருக்க முடியுமா? முடியும் என்பேன். முதலாவதாக, அது விதிகள் அடியோடு மாறிய ஆண்டு. அத்தகைய ஆண்டில்தான் ஒரு அணி மற்றவர் காணாத வழியைக் கண்டு ஒரே பாய்ச்சலில் முன்னேற முடியும். இரண்டாவதாக, பட்டன், ரூபன்ஸ் பாரிக்கெல்லோ என இருவர் கையிலும் கார் வேகமாக இருந்தது. மூன்றாவது அடையாளம் எனக்கு மிக முக்கியமானது: எதிரணிகள் பாராட்டுவதை விட்டுவிட்டு விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். காரின் பின்புற அடிப்பாகத்தில் காற்றை வெளியேற்றும் அமைப்பான இரட்டை டிஃப்யூசர் மீது மெல்போர்னில் புகார் கொடுத்தார்கள். அது ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் தள்ளுபடியானது. நம்பாத வேகத்தின் மீது யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. 2026-உம் விதிகள் அடியோடு மாறிய ஆண்டு என்பதால், பிற அணிகள் எந்தக் காரின் எந்தப் பாகத்தைப் பற்றி விதிகளை வகுக்கும் சர்வதேசச் சம்மேளனத்திடம் (FIA) விளக்கம் கேட்கின்றன என்ற செய்தியைத் தவறாமல் படியுங்கள். முதலிடம் யாருக்கு என்பதைவிட அது பயனுள்ள செய்தி.

ஓட்டுநர்களைப் பற்றிச் சோதனையிலிருந்து ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஓர் அணிக்கு ஒரே கார். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். ரெட் புல்லில் வெர்ஸ்டாப்பனுடன் இசாக் ஹஜார் எப்படி ஈடுகொடுப்பார், ஹாமில்டன் ஃபெராரியில் மீள்வாரா என்பதற்கெல்லாம் இருவரும் ஒரே வெயிலில் ஒரே எடையில் ஓட்டும் தகுதிச் சுற்றுதான் (பந்தயத்தில் யார் எந்த இடத்தில் தொடங்குவது என்பதை முடிவு செய்யும் சுற்று) விடை சொல்லும்.

இனி அந்த 4,000 ரூபாய். அணி ஊழியர் ஒவ்வொருவரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பவர். காரின் எரிபொருள் அளவை வெளியே சொன்னால் வேலை போவதோடு வழக்கும் வரும். அவர் அதைத் தமிழ் டெலிகிராம் குழு நடத்துபவருக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்? எனக்கு ஒருவர் அனுப்பிய ‘ரகசிய அறிக்கை’யைத் திறந்து பார்த்தபோது, அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய நேரடி நேரத் திரையின் படமாக இருந்தது. மூலையில் இருந்த முத்திரையை மறைப்பதற்காக ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டில் உருப்படியான ஒரே பகுதியான டயர் வரிசையும் போயிருந்தது.

‘சென்ற ஆண்டு நாங்கள் சொன்னது பலித்தது’ என்று பழைய பதிவைக் காட்டுவார்கள். அதற்கும் மயங்காதீர்கள். நான்கு குழுக்களைத் தொடங்கி, ஒன்றில் மெக்லாரன், ஒன்றில் ஃபெராரி, ஒன்றில் மெர்சிடிஸ், ஒன்றில் ரெட் புல் என்று எழுதி வைத்தால், சீசன் முடிவில் ஒரு குழு ஏறத்தாழ நிச்சயம் பலித்திருக்கும். மற்ற மூன்றையும் அழித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அடுத்த ஆண்டு உங்களுக்குக் காட்டுவார்கள். தேதியோடு இருப்பதால் நீங்களும் நம்புவீர்கள். இதற்குப் பந்தய அறிவு எதுவும் வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது அடுத்து வருவது. உள்தகவலுக்குப் பணம் கொடுத்தவருக்குச் சில நாள்களில் பந்தயம் கட்டும் செயலியின் இணைப்பு வரும்; ‘தகவலைச் சும்மா வைத்திருக்கலாமா’ என்று கேட்பார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்திருக்கிறது. விளம்பரம் செய்வதும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பதும் குற்றம். ஆனாலும் குழுக்கள் முளைத்துக்கொண்டேதான் இருக்கின்றன; ஒன்றை முடக்குவதற்குள் இன்னொன்று வந்துவிடுகிறது, புகார் கொடுத்தவர் மட்டும் அலைகிறார். இருந்தாலும், உங்கள் நண்பர்களில் யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அனுப்பவில்லை என்றால் அந்தக் குழுவிலிருந்து ஆறு பேரும் வெளியேறுங்கள். ‘இலவசமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாமே’ என்று ஒருவர் தங்கினால் அவர் வழியாகவே மற்றவர்களையும் பிடிப்பார்கள்.

உங்கள் கணிப்பை எழுதும் நாளைச் சற்றுத் தள்ளிவைக்க நண்பர்கள் சம்மதித்தால், மார்ச் 7 அன்று மெல்போர்னில் தகுதிச் சுற்று முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு முன்பு எழுதுங்கள். அங்கே எடைச் சோதனை உண்டு, எல்லாரும் முழு வேகத்தில் ஓட்டியாக வேண்டும். 2019-இல் ஃபெராரியின் நிலை தெரிந்துவிட்டதும் அந்தச் சனிக்கிழமைதான். ஹாமில்டனைவிட வெட்டல் 0.7 நொடி பின்னால் இருந்தார். தள்ளிவைக்க அவர்கள் மறுத்தால், பஹ்ரைனின் கடைசி மூன்று நாள்களில் ஃபெராரி 57 சுற்று ஓட்டத்தை ஒருமுறையாவது இடையூறின்றி முடித்ததா, அதன் சுற்று நேரங்கள் மெக்லாரனுடனும் மெர்சிடிஸுடனும் ஒப்பிட்டால் எங்கே நிற்கின்றன என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டிலும் தேறினால் தயங்காமல் ஃபெராரி என்று எழுதலாம். ஒன்றில் தவறினாலும் வேறு அணியின் பெயரை எழுதிவிடுங்கள்.