இசையமைப்பாளராகும் கனவுக்கு வேலையை விடலாமா? மார்த்தாண்டம் வாசகரின் கேள்வி

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. மார்த்தாண்டம் அருகே சொந்த வீட்டில் மனைவி, மூன்று வயது மகனோடு வசிக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மாதம் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. தனியார் மருத்துவமனையில் செவிலியராக உள்ள மனைவியின் சம்பளம் 20,000. வீட்டுச் செலவு 33,000. மாதம் 5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதை நான் இன்னும் எடுக்கவில்லை. வங்கி வைப்பில் 4,50,000 ரூபாயும், மனைவியிடம் 14 பவுன் நகையும் உள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். மூன்று குறும்படங்களுக்குப் பணம் வாங்காமல் பின்னணி இசை செய்து கொடுத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் 3 லட்ச ரூபாய்க் கட்டணத்தில் ஓராண்டு இசைப் படிப்பில் சேரவும், நகையை அடகு வைத்து 4 லட்ச ரூபாய்க்குக் கணினியும் ஒலிக்கருவிகளும் வாங்கவும் நினைக்கிறேன். அடுத்த மாதம் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாமா?

பதில்: அடுத்த மாதம் கொடுக்க வேண்டாம். உங்கள் இசையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் பாடகர்களுக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்கி வாசித்தவர், எந்தப் பள்ளியிலும் ஓராண்டில் கிடைக்காத ஒரு பயிற்சியை ஏற்கெனவே பெற்றவர். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம் அந்தத் திறமை பயன் தருவதற்கு முன்பே உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் கணக்கர் என்பதால் அதைக் கணக்காகவே காட்டுகிறேன்.

உங்கள் சம்பளம் நின்றால், மனைவியின் 20,000 போக வீட்டுச் செலவில் 13,000 துண்டு விழும். சீட்டுக்கு 5,000, சென்னையில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் சிக்கனமாக 15,000, நகைக்கடன் 4 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 3,333 என்று கூட்டினால், மாதந்தோறும் 36,333 ரூபாய் வைப்புப் பணத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். வைப்பில் 3 லட்சம் கட்டணத்துக்குப் போய்விடுவதால் மீதி 1,50,000 மட்டுமே. அது நான்கு மாதம் தாங்கி, ஐந்தாவது மாதம் தீர்ந்துவிடும். நீங்கள் வீட்டில் இல்லாததால் செலவில் 4,000 குறையும் என்று எடுத்துக்கொண்டாலும், கை காய்வது அதே ஐந்தாவது மாதத்தில்தான். அப்போது படிப்பு பாதியைக்கூடத் தாண்டியிருக்காது. நகையும் அடகுக் கடையில் இருக்கும்.

இதே பணத்தை வேறு விதமாகப் பாருங்கள். வேலையில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தால், இப்போது மாதம் மிஞ்சும் 10,000 ரூபாய் 2,40,000 ஆகும். எட்டு மாதத்தில் சீட்டு முடிந்த பின் விடுபடும் 5,000 ரூபாய் பதினாறு மாதத்தில் 80,000 ஆகும். சீட்டைக் கடைசி மாதம் வரை எடுக்காமல் காத்திருங்கள். கழிவு போக 95,000 ரூபாய் அளவில் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்கிறேன். வைப்பையும் சேர்த்தால் 8,65,000. அதில் கருவிகளுக்கு 60,000, ஆசிரியருக்கு மாதம் 4,000 வீதம் 96,000, பயணங்களுக்கு 24,000 செலவழித்தாலும் 6,85,000 நிற்கும். ஒரு லட்சத்தை அவசரத்துக்குத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, மீதியிலிருந்து வீட்டுத் துண்டுக்கும் சென்னைச் செலவுக்குமாக மாதம் 28,000 எடுத்தால், இருபது மாதங்களுக்கு நீங்கள் சென்னையில் வாய்ப்புத் தேடலாம். இப்போது போனால் நான்கு மாதம், இரண்டு ஆண்டு கழித்துப் போனால் இருபது மாதம். திரையிசையில் அறிமுகம் என்பது பல மாதங்கள் ஓரிடத்தில் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் வருவது என்பதால், இந்த வேறுபாட்டை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

வயது கடந்துவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கக்கூடும். 1943-இல் பிறந்த இளையராஜா, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, தனியாக இசையமைத்த முதல் படம் 1976-இல்தான் வந்தது. 1992-இல் அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், அதற்கு முன் மற்ற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தும் விளம்பரங்களுக்கு இசையமைத்தும் சம்பாதித்தார். இருவருமே கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இசையால் வருமானம் பார்த்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

கருவிகளுக்கு 4 லட்சம் தேவையே இல்லை. உங்கள் கீபோர்டில் யுஎஸ்பி வழியாக மிடி (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்று கணினிக்குச் சொல்லும் குறிப்பு) செல்லும் வசதி இருந்தால் தனியாக மிடி கீபோர்டு வேண்டாம். இருக்கும் மடிக்கணினியில் நினைவகத்தைக் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு, மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைத்து இரண்டு தடம் பதியும் ஒலி இடைமுகமும் நல்ல ஹெட்போனும் ஒரு மைக்கும் வாங்கினால் 60,000 ரூபாய்க்குள் முடியும். இசைப்பதிவு மென்பொருளில் ரீப்பர் 60 நாள் இலவசமாகப் பழகக் கிடைப்பது. சிறு வருமானம் உள்ளவர்களுக்கான உரிமம் 60 டாலர்தான். திருட்டு மென்பொருளைத் தொடாதீர்கள். நகை உங்கள் மனைவியுடையது. அதை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

ஓராண்டுப் படிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு சேமித்த பிறகும் அதற்கு 3 லட்சம் கொடுத்தால் இருபது மாதம் பத்து மாதமாகக் குறையும். எனவே படிப்பில் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இசை எழுத்தும் ஒத்திசைவும் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஆசிரியரிடம் கற்று, டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தரத் தேர்வுகளை எழுதலாம். காட்சிக்கு இசையமைப்பதோ தனிப் பயிற்சி. படத்தொகுப்பு முடிந்த ஒரு காட்சியை வாங்கி, நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தில் இசை எந்தச் சட்டகத்தில் தொடங்க வேண்டும், வசனம் வரும் இடத்தில் எந்தக் கருவி ஒதுங்க வேண்டும், எங்கே இசையே கூடாது என்று முடிவெடுத்து, தாளக்கருவி, தந்தி, குரல் எனத் தனித்தனித் தடங்களாக ஒப்படைத்துப் பழகுங்கள். மாதம் ஒரு காட்சி செய்தால் இரண்டு ஆண்டில் இருபத்து நான்கு மாதிரிகள் சேரும். அவற்றில் சிறந்த ஐந்தைத்தான் பிறருக்குக் காட்ட வேண்டும்.

நம் குமரி மாவட்டத்தில் இருப்பதால் உங்களுக்கு வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு சொத்தும் இருக்கிறது. வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் உடுக்கையும், களியல் ஆட்டத்தின் கம்பொலியும் உங்கள் வீட்டிலிருந்து பேருந்து தூரத்தில் இருக்கின்றன. கலைஞர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அவற்றைத் தெளிவாகப் பதிந்து வையுங்கள். முன்பே பதிந்து விற்கப்படும் ஒரே ஒலித்தொகுப்புகளை எல்லோரும் வாங்கிப் பயன்படுத்தும் இன்று, இப்படிப்பட்ட ஒலியைக் கையில் வைத்திருப்பவரை ஓர் இசையமைப்பாளர் உதவிக்குக் கூப்பிடுவார். களியக்காவிளை தாண்டினால் மலையாளம் என்பதும் உங்களுக்குச் சாதகமே; திருவனந்தபுரத்துக் குறும்படக்காரர்களுக்கு நீங்கள் அயலவர் அல்லர்.

சம்பளம் தரும் முதல் வேலை பெரும்பாலும் இசையமைப்பாளர் என்ற பெயரில் வராது. இன்னொரு இசையமைப்பாளரிடம், அவர் மெட்டுக்குக் கணினியில் இசைத் தடங்களை அமைக்கும் கீபோர்டு புரோகிராமராகவோ உதவியாளராகவோதான் வரும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவரை மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள், கிறிஸ்தவப் பக்திப் பாடல் தொகுப்புகள், திருமண ஒளிப்பதிவாளர்கள் ஆகியோரிடம் பணம் வாங்கி வேலை செய்யுங்கள். மூன்று படம் இலவசமாகச் செய்தது போதும். நான்காவது படத்துக்கு 5,000 ரூபாயாவது கேளுங்கள், பாதியை முன்பணமாக. இதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தில் வெளி வருமானத்துக்குத் தடை உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

சிறு படம் ஒன்று கிடைக்கும் நாளில் 'பேக்கேஜ்' என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். கலைஞர், பாடகர், ஒலிப்பதிவுக் கூடம், ஒலிக்கலவை எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளும்படி மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். உதாரணமாக அது 1,50,000 ரூபாய் என்றும், செலவு 95,000 என்றும் வைத்துக்கொண்டால் உங்களுக்கு நிற்பது 55,000. மூன்று மாத வேலைக்கு மாதம் 18,333. தயாரிப்பாளர் தொழில்முறைக் கட்டணத்துக்குரிய 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டால் 15,000 குறைந்து, கையில் இருப்பது 40,000 மட்டுமே. அந்த 15,000, வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் திரும்பும். ஆகவே பேக்கேஜ் பணம் வந்தவுடன் தனி வங்கிக் கணக்கில் போட்டு, செலவு முழுதும் தீர்ந்த பின்பே உங்கள் ஊதியத்தை எடுங்கள்; ஊதியத்தை முதலிலேயே எடுத்துவிட்ட பிழையால் சொந்தப் பணத்தைப் போட்டு முதல் படத்தை முடித்துக் கொடுத்தவர்கள் உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாடலின் கவிஞரும் இசையமைப்பாளரும், படம் திரையரங்கில் ஓடுவதல்லாத பிற பயன்பாடுகளில் ராயல்டி எனும் உரிமைத்தொகையின் சமபங்கைப் பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்ளும். பாடல்கள் வெளியான பின், இந்தத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். ஆனால் உரிமைத்தொகையை மாதக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். புரோகிராமராகச் செய்யும் வேலைக்கு அது வரவும் வராது.

வருமான வரிக்கு, இசையமைப்பாளரும் உதவி இசையமைப்பாளரும் திரைக் கலைஞர் என்ற பட்டியலில் உள்ளதால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச முறை உங்களுக்கு உண்டு. மேலே சொன்ன பேக்கேஜ் போலச் செலவு பாதியைத் தாண்டினால் ரசீதுகளோடு கணக்கு எழுதுவதே நல்லது. அது உங்கள் கைப்பழக்கம்தானே.

மருத்துவக் காப்பீட்டில், மனைவிக்கு இஎஸ்ஐ இருந்தால் அவர் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டும்வரை குடும்பத்துக்கு அது உதவும். தாண்டும் முன்பே தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வேலையை விடும்போது வருங்கால வைப்பு நிதியை எடுக்க வேண்டாம்.

ராஜினாமா எப்போது என்பதற்கு என் அளவுகோல் இது: இசையில் செலவு போக வரும் தொகை தொடர்ந்து ஆறு மாதம் சராசரி 13,000 ரூபாயைத் தொட வேண்டும். உங்கள் சம்பளம் இல்லாமல் வீட்டில் விழும் துண்டு அதுதான். இரண்டு ஆண்டுக்கு முன்பே அது நடந்தால் முன்பே கடிதம் கொடுக்கலாம். இந்த மாத முதல் தேதியிலிருந்து இசை வரவும் செலவும் ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அதை மனைவியோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.