கிணத்துல மின்னுற மஞ்சக் கல்லு தங்கமா? ரெண்டு லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டுருக்காப்ல. தோட்டத்துக் கிணத்த ஆழப்படுத்த வெடி வச்சப்ப வெள்ளைக்கல்லு (குவார்ட்ஸ்) பட்டை ஒன்னு குறுக்க ஓடுதாம், அதுல மஞ்ச மஞ்சளா மின்னுதாம். யாரோ ஒருத்தர் வந்து பாத்துட்டு, தங்கம் வெள்ளி ரெண்டும் இருக்கு, லேப் ரிப்போர்ட்டு, சுரங்க லைசென்சு எல்லாம் நானே வாங்கித் தர்றேன், மொதல்ல ரெண்டு லட்சம் குடுங்கன்னு சொல்றாராம். குடுக்கலாமா, இல்ல நாமளே டெஸ்ட் பண்ண வழி இருக்கான்னு கேள்வி.

குடுக்காதீங்க தம்பி. மத்தத பொறுமையா பேசுவோம்.

நம்ம ஏரியாவுல மின்னுற கல்லு ரெண்டு வகை. மேல்மண்ணுக்குப் பக்கத்துல கெடச்சா அது பெரும்பாலும் காக்காப்பொன்னு, அதாவது கருப்பு மைக்கா வெயில் மழைல அடிபட்டு பொன்னிறமா மாறுனது. அடியில புதுசா ஒடஞ்ச பாறைல இருந்தா பைரைட்டா இருக்கும், இரும்பும் கந்தகமும் சேந்த கனிமம், எத்தனையோ பேர ஏமாத்துன ஆளு அது. ஒரு ஊசி எடுத்து அந்த மஞ்சப் பொட்டு மேல அழுத்திப் பாருங்க. தங்கம்னா அமுங்கி பள்ளம் விழும், மைக்கான்னா ஏடு ஏடா உரியும், பைரைட்டுன்னா ஊசிக்கு அசையவே அசையாது, சுத்தியல்ல தட்டுனா பொடியாயிரும். அடுத்து டைல்ஸ் பின்பக்கம் வழவழப்பு இல்லாத எடத்துல கல்ல வச்சு இழுங்க, தங்கம் மஞ்சக் கோடு போடும், பைரைட்டு கரும்பச்சையா கரி மாதிரி கோடு போடும். இன்னும் சந்தேகமா, கல்ல இரும்பு உரல்ல இடிச்சு ஒரு தட்டுல தண்ணி விட்டு, அரிசில கல்லு அரிக்கிற மாதிரியே அரிங்க. தங்கம் தண்ணிய விட 19 மடங்கு கனம், பைரைட்டு 5 மடங்குதான், வெள்ளைக்கல்லு மூணு மடங்கு கூட வராது, அதனால தங்கம் இருந்தா மத்ததெல்லாம் போன பெறகும் தட்டோட அடியிலயே கெடக்கும். பாதரசம், ஆசிட்டு, சயனைடுன்னு வீடியோ பாத்துட்டு வீட்டுல எறங்கிராதீங்க, ஆவி பட்டாலே ஆஸ்பத்திரிதான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத பொடியா இருந்தா? இருக்கலாம், அதுக்குத்தான் லேப்பு. கல்ல மாவா அரைச்சு ஈய ஆக்சைடு சேத்து உருக்குவாங்க, தங்கமும் வெள்ளியும் ஈயத்தோட போய் சேந்துரும், அப்புறம் அந்த ஈயத்த எலும்புச் சாம்பல்ல செஞ்ச சின்னக் கிண்ணத்துல வச்சு சூடேத்துனா ஈயத்த கிண்ணம் குடிச்சுரும், ஒரு குண்டுமணி மிஞ்சும். அத நைட்ரிக் ஆசிட்ல போட்டா வெள்ளி கரைஞ்சு தங்கம் மட்டும் நிக்கும். மதுரை தெற்காவணி மூலவீதி நகைப் பட்டறைல பழைய ஆளுங்ககிட்ட கேட்டா பாதிக்கு மேல அவங்களே சொல்லிருவாங்க, புடம் போடுற வித்தைதான்.

ஆனா லேப்பு சரியா இருந்தாலும் சாம்பிள் தப்பா இருந்தா ரிப்போர்ட்டு வெறும் காகிதம். புரோக்கர் ஆளுங்க நல்லா மின்னுற ஒத்தக் கல்ல பொறுக்கிட்டுப் போவாங்க, இல்ல வேற எங்கயோ கெடச்ச கல்ல உங்க பேர்ல குடுப்பாங்க. நீங்க பட்டை முழு அகலத்துக்கும், ரெண்டு பக்கப் பாறையையும் சேத்து, ஒரே அளவு வாய்க்கால் மாதிரி கொத்தி ரெண்டு மூணு கிலோ எடுத்து நீங்களே அனுப்புங்க. ரிப்போர்ட்டு வந்தா நம்பரப் பாக்காதீங்க, அலகப் பாருங்க. 1 பிபிஎம்னா டன்னுக்கு 1 கிராம். பிபிபின்னு போட்டுருந்தா அதுல ஆயிரத்துல ஒரு பங்கு. 40 பிபிபின்னு வந்தத தங்கம் 40ன்னு காட்டி காசு கேப்பாங்க, ஆனா கணக்கு போட்டா டன்னுக்கு 0.04 கிராம், ஒரு பவுனுக்கு 200 டன் கல்லு அரைக்கணும், டிப்பர்ல பத்து டன்னுன்னு வச்சாலும் 20 லோடு. அதனால தங்கம் இருக்கான்னு கேக்குறது பத்தாது, டன்னுக்கு எவ்ளோ, அப்படிப்பட்ட டன்னு எத்தனை இருக்குன்னு கேக்கணும்.

கோலார் தங்கவயல் ஏன் தங்கவயல் ஆச்சுன்னா இந்த ரெண்டு கேள்விக்கும் அங்க பதில் இருந்துச்சு. 250 கோடி வருசத்துக்கும் மேல பழைய எரிமலைப் பாறை, அதுல வெடிப்பு வழியா சூடான தண்ணி தங்கத்தையும் சிலிக்காவையும் கரைச்சுக் கொண்டு வந்து வெள்ளைக்கல்லு ரீஃபா, அதாவது தங்கம் இருக்குற நீளமான பட்டையா, படிய வச்சது, சேம்பியன் ரீஃப்னு ஒன்னே மைல் கணக்குல ஓடுச்சு. 1802ல வாரன்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி அந்த ஊர் மக்கள் மண்ணு அலசி தங்கம் எடுக்குறதப் பாத்து எழுதி வச்சார், 1880ல ஜான் டெய்லர் கம்பெனி எறங்குச்சு, 1902ல சிவசமுத்திரத்துல இருந்து கரண்டு இழுத்தாங்க. 3 கிலோமீட்டருக்கும் கீழ போய், பாறை வெடிச்சு செத்த நம்ம தமிழ் ஆளுங்க எத்தனையோ பேர், மொத்தம் 800 டன் பக்கம் எடுத்தாங்க, கடைசில கல்லுல தங்கம் கொறஞ்சு செலவு கட்டுப்படியாகாம 2001 பிப்ரவரில மூடிட்டாங்க. தங்கம் தீந்ததால மூடல, கவனிங்க.

மதுரைப் பாறை வேற ஜாதி. நைஸ், சார்னோகைட்டு, மேலூர் கிரானைட்டுன்னு பேரு, எல்லாம் பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல பயங்கர சூட்டுல வெந்து கெளம்புனது, தங்கம் கொண்டு வர்ற தண்ணியெல்லாம் அதுல எப்பவோ வத்திப்போச்சு. இந்த மாதிரிப் பாறைல தங்கமே வராதுன்னு இல்ல, நீலகிரி கூடலூர் பக்கம் தேவாலாவுல இருந்துச்சு. 1880 வாக்குல லண்டன்ல டஜன் கணக்குல கம்பெனி ஆரம்பிச்சு ஷேர் வித்து, மெஷின் கொண்டாந்து, கொஞ்ச வருசத்துல எல்லாம் படுத்துருச்சு. அன்னைக்கும் பொறுக்கி எடுத்த கல்லு, பளபள ரிப்போர்ட்டுதான்.

வெள்ளியும் இருக்குன்னு சொன்னாருல்ல, அவர்கிட்ட எந்தக் கனிமத்துலன்னு கேளுங்க. நம்ம நாட்டு வெள்ளி பெரும்பாலும் ராஜஸ்தான்ல ஈயம், துத்தநாகம் எடுக்குறப்ப கூட வர்றது, வெள்ளிக்குன்னு தனியா யாரும் வெட்டல.

லைசென்ஸ் வாங்கித் தர்றேன்ங்கிறது சுத்தப் பொய். தங்கம் 1957 சுரங்க, கனிமச் சட்டத்துக்குக் கீழ வர்ற பெரிய கனிமம், 2015ல இருந்து ஏலம்தான், பட்டா உங்க பேர்ல இருக்குங்கிறதுக்காக யாரும் தூக்கிக் குடுக்க மாட்டாங்க. மேலூர் பக்கம் அரிட்டாபட்டில டங்ஸ்டன் சுரங்கம் வைக்கப் பாத்த கதை தெரியும்ல, 2024 நவம்பர்ல ஏலம் முடிஞ்சு, சனம் திரண்டு நின்னு, 2025 ஜனவரில ரத்து ஆச்சு. அதெல்லாம் அரசாங்க மட்டத்துல நடக்குற காரியம், டீக்கடைல கைமாறுற ரெண்டு லட்சத்துல நடக்காது. அந்த வெள்ளைக்கல்ல சும்மா லோடு ஏத்தி வித்தாக்கூட பர்மிட் வேணும்.

ஒரு துண்டு கல்ல எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல கனிம வளத்துறைல காட்டுங்க, பாத்து சொல்லுவாங்க. பைரைட்டுன்னு முடிவாச்சுன்னா வேற ஒரு வேலை இருக்கு, வெட்டி மேல போட்ட கல்லுக் குவியல வாய்க்கால் ஓரத்துல விடாதீங்க, மழை பட்டா துருவும் புளிப்பும் கெளம்பி பயிருக்குப் போகும். தண்ணிய ஒரு தடவ இரும்பு, பிஎச் ரெண்டுக்கும் டெஸ்ட் பண்ணிட்டு மோட்டார எறக்குங்க.