வெள்ளி நானோ ஃபிலிம் ஏன் கறுத்துப்போகிறது?

கேள்வி: சென்னையில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். காயத்தின் மேல் ஒட்டும், வெள்ளி நானோ துகள்கள் கொண்ட ஃபிலிம் செய்வது என் புராஜெக்ட். 100 மி.லி. கேன் தண்ணீரில் 5 கிராம் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமர்) கரைத்து, 0.4 கிராம் சில்வர் நைட்ரேட் சேர்த்ததும் கரைசல் லேசாகப் பால்போல ஆனது. பிறகு 0.5 கிராம் சோடியம் போரோஹைட்ரைடு போட்டேன். நுரைத்து, கறுத்து, கட்டி கட்டியாகிவிட்டது. காய்ந்த ஃபிலிமில் சாம்பல் திட்டுகள். மஞ்சளாக வந்த ஒன்றிரண்டு துண்டுகளும் சில வாரங்களில் பழுப்பாகிவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தண்ணீர். அந்தப் பால் நிறம் பி.வி.ஏ.வால் வந்ததல்ல, தண்ணீரிலுள்ள குளோரைடால் உண்டான சில்வர் குளோரைடு. ஒரு டெஸ்ட் ட்யூபில் கேன் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள், உடனே கலங்கும். குடிக்க நல்ல தண்ணீர்தான், இந்த வேலைக்கு ஆகாது. இரட்டை வடிநீரோ டி.ஐ. வாட்டரோதான் (அயனி நீக்கிய நீர்) வேண்டும். பீக்கரைக் கழுவும்போதும் கடைசி அலசல் அதிலேயே இருக்கட்டும்.

உண்மையான வில்லன் போரோஹைட்ரைடு. மோல் கணக்கில் பார்த்தால், வெள்ளியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் போட்டிருக்கிறீர்கள். வெள்ளி அயனிகள் எல்லாம் ஒரே நொடியில் உலோகமாகிவிடுகின்றன. பாலிமர் சங்கிலிகள் வந்து சூழ்ந்துகொள்வதற்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடுகின்றன. கறுப்பும் சாம்பலும் அதனால்தான். மிச்சமிருக்கும் போரோஹைட்ரைடு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும், அதுதான் நுரை. கடைசியில் அது போரேட்டாக மாறும். போரேட் பி.வி.ஏ. சங்கிலிகளைப் பிணைத்து ஜெல்லாக்கிவிடும். பசங்க விளையாடும் ஸ்லைம் செய்கிற அதே வேதியியல்தான் உங்கள் பீக்கரில் நடந்திருக்கிறது.

துகளைத் தனியே செய்து பாலிமரில் கலப்பதைவிட, பாலிமருக்குள்ளேயே மெதுவாகப் பிறக்கவிடுவது மேல் என்பது என் கட்சி. பி.வி.ஏ.வின் ஹைட்ராக்சில் தொகுதிகளே சூட்டில் வெள்ளி அயனியை ஒடுக்கும், அதாவது உலோகமாக்கும். தனி ஒடுக்கி எதுவும் வேண்டாம்.

90 மி.லி. நீரில் 5 கிராம் பி.வி.ஏ.வை 90 டிகிரியில் கிளறிக்கொண்டே கண்ணாடிபோலத் தெளியும்வரை கரையுங்கள். அறை வெப்பத்துக்கு ஆறட்டும். 0.08 கிராம் சில்வர் நைட்ரேட்டை 10 மி.லி. நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.வி.ஏ. எடைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் வெள்ளி வரும், ஆரம்பத்துக்கு அது போதும். பீக்கரைச் சுற்றி அலுமினியம் ஃபாயில் கட்டாயம். கையில் பட்டால் கறை பல நாள் போகாது, கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரி டிஷ்ஷில் ஊற்றி, இருட்டில் 40 டிகிரியில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஓவனில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம். நிறமில்லாத ஃபிலிம் கண்ணெதிரே மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வரும். அப்போது நகர இடமில்லாமல் சங்கிலிகளுக்கு நடுவே அயனிகள் சிக்கியிருப்பதால் துகள்கள் சிறிதாகவே நின்றுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சூட்டில் வெறும் பி.வி.ஏ.வும் கொஞ்சம் மஞ்சளாகும். வெள்ளி சேர்க்காத ஃபிலிம் ஒன்றையும் அதே ஓவனில் வைத்து, ஒளி உறிஞ்சலை அளக்கும் யு.வி. - விசிபிள் கருவியில் அதையே பிளாங்காக (ஒப்பிடும் அடிப்படையாக) வையுங்கள். 400 முதல் 420 நானோமீட்டருக்குள் ஒரே முகடு வந்தால் சந்தோஷப்படலாம். 500-ஐத் தாண்டி வால் நீண்டால் துகள்கள் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

ஃபிலிமாக வேண்டாம், கரைசலாகவே வேண்டும் என்றால் கொஞ்சம் பி.வி.பி. (பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமர்) சேர்த்துப் பாருங்கள். அதன் கார்பனைல் ஆக்சிஜன் வெள்ளிப் பரப்பை பி.வி.ஏ.வைவிட இறுக்கிப் பிடிக்கும். பாலிமர் காவல் நிற்கும் என்பது புது யோசனையும் அல்ல. 1857-லேயே ஃபாரடே தன் தங்கக் கரைசலில் ஜெலட்டின் சேர்த்தால், உப்பு போட்டாலும் சிவப்பு எளிதில் நீலமாவதில்லை, அதாவது துகள்கள் எளிதில் சேர்வதில்லை என்று கவனித்துவிட்டார்.

அப்புறம், வாரக்கணக்கில் பழுப்பாகிற விஷயம். உலர்ந்த பி.வி.ஏ. 80 டிகிரி வாக்கில்தான் இளகத் தொடங்கும். சென்னைக் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் அறை வெப்பத்திலேயே சங்கிலிகள் அசையும், துகள்களும் நகர்ந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் செய்த ஃபிலிம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒடுங்காத அயனி மிச்சமிருந்தால் வெளிச்சத்திலும் கறுக்கும். லேப் கூவத்தை ஒட்டி இருந்தால் இன்னும் சிக்கல். கொலுசைக் கறுக்கவைக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நானோ துகளை மட்டும் சும்மா விடுமா? ஓவனிலிருந்து எடுத்ததும் சிலிகா ஜெல் போட்ட டெசிக்கேட்டருக்குள், இருட்டில் வையுங்கள். சிலிகா ஜெல்லின் நீலம் வெளுத்ததும் மாற்றுங்கள். கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைக்க வேண்டாம். ரப்பரில் இருக்கும் கந்தகமே கறுக்கவைத்துவிடும்.