யானைக்கால் நோயும் ஊர்ப்பணியும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, திருவாரூர்): ஐயா, ஆய்வுக்கூடத்தை விட்டு ஊர்ப்பணிக்கு வந்தது எப்படி?

பதில்: வலங்கைமான் பக்கத்தில் வளர்ந்தவன் நான். என் பாட்டிக்கு யானைக்கால். திண்ணையில் அமர்ந்தால் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொள்வார். படிக்கும் காலத்தில் ஊராருக்கு இரவு ரத்தப் பரிசோதனை செய்யச் சென்றேன். இந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு மிகுதியாக வரும் என்பதால், பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, உறங்குபவர்களை எழுப்பி விரலில் குத்த வேண்டும். முன்பின் அறியாதவருக்கு அந்த நேரத்தில் யார் கதவு திறப்பார்கள்? பகலில் அதே தெருவில் அமர்ந்து பேசியிருந்தால்தான் திறந்தார்கள். என் படிப்பு அங்கேதான் தொடங்கியது.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், குடவாசல்): யானைக்கால் நோய்க்கான மாத்திரையை வாங்கிக்கொள்கிறார்கள், விழுங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: நடவுக்குச் செல்லும் ஓர் அம்மா, இந்நோயின் புழுக்களைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரைகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். "வெறும் வயித்துல போட்டு வயல்ல மயங்கி விழுந்தா, அன்னிக்குக் கூலி யாரு தருவா?" என்று கேட்டார். அவர் சொன்னதே சரி. இம்மாத்திரையை உணவுக்குப் பிறகே உட்கொள்ள வேண்டும். உடலில் புழு உள்ளவர்களுக்கு அது சாகும்போது காய்ச்சலோ தலைசுற்றலோ வரக்கூடும். ஆகவே காலையில் கொடுப்பதை விட்டு, இரவுச் சாப்பாடு முடிந்த வேளையில் சென்று, உங்கள் கண் முன்னே விழுங்கச் செய்யுங்கள். கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி (ஆசிரியர், மன்னார்குடி): உலக சுகாதாரப் பணி என்றால் வெளிநாடு செல்வதுதானா?

பதில்: இல்லை. ஆரம்ப சுகாதாரத்தை முன்னிறுத்திய 1978 அல்மா அட்டா பிரகடனத்துக்கு முன்பே, 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் பணியைத் தொடங்கிய மருத்துவர்களான அரோலே தம்பதியர் கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கிவிட்டார்கள். நம் அண்டை நாடான இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் யானைக்காலை ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

கேள்வி (இல்லத்தரசி, கும்பகோணம்): மாமியாருக்குப் பல ஆண்டுகளாகக் கால் வீக்கம். மாத்திரையால் வற்றுமா?

பதில்: முற்றிய வீக்கம் மாத்திரையால் வற்றாது, அம்மா. ஆனால் தினமும் சோப்பால் மென்மையாகக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் நெறி கட்டிக் காய்ச்சல் வருவது பெரிதும் குறையும். என் பாட்டிக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. கால் சிவந்து சூடேறிக் காய்ச்சல் கண்டால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.