மாமி முன் சீற்றில், மூத்தவன் கடைசி வரிசையில்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். நான், கணவர், 13, 9, 4 வயதில் மூன்று பிள்ளைகள், மாமி என்று வீட்டில் ஆறு பேர். சின்னக் காரை விற்றுவிட்டு ஒரு குடும்ப ஜீப் எடுக்கப் பார்க்கிறோம். கணவருக்கு 2010 பிராடோ, 2.7 பெற்றோல் மேல் ஆசை. எனக்கு 2016 எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட் பிடித்திருக்கிறது, எண்ணெய்ச் செலவு குறைவாம். கணவரின் தம்பி அவுட்லாண்டர் பிளக்-இன் எடுக்கச் சொல்கிறார். நாளாந்தம் பள்ளிக்கூடமும் டவுனும்தான், போய்வர 12 கிலோமீற்றர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாமியை முழங்கால் கிளினிக்குக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறோம், பிள்ளைகளை விட்டுப்போக ஆளில்லை, எல்லோரும்தான் போவோம். தம்பலகாமத்தில் வயலும் இருக்கிறது. சனிக்கிழமை மூன்றையும் பார்க்கப் போகிறோம். எதை எடுப்பது?
— உப்புவெளி வாசகி

பதில்:

தங்கச்சி, நீங்கள் எழுதிய மூன்று வாகனங்களில் இரண்டில் உங்கள் வீட்டு ஆறு பேரும் ஏறவே முடியாது. எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட் ஐந்து சீற் வண்டி, மூன்றாவது வரிசை வரவேண்டிய இடத்தில், சாமான் வைக்கிற தரைக்குக் கீழே, அதன் பற்றறி இருக்கிறது. அவுட்லாண்டர் பிளக்-இன்னில் பின் சக்கரங்களைச் சுழற்றுகிற மோட்டார் பின்பக்கம் இருப்பதால் அந்தக் கால மாதிரியில் அதுவும் ஐந்து சீற்தான். பெற்றோல் மட்டும் குடிக்கிற எக்ஸ்-ட்ரெயிலிலும் அவுட்லாண்டரிலும் ஏழு சீற் வருகிறது, பெயரும் ஒன்று, உருவமும் ஒன்று, அதனால்தான் இவ்வளவு பேர் குழம்புகிறார்கள். பிராடோவும் அப்படித்தான், உங்கள் கணவர் பார்க்கிற அந்த 150 மாதிரியை ஜப்பானில் ஐந்து சீற், ஏழு சீற் என்று இரண்டு விதமாகவும் விற்றார்கள், பின்கதவைத் திறந்து பார்க்காமல் விலை பேசிவிடாதீர்கள்.

கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஓடுகிற வாகனம் சடுதியாக நின்றால் எந்தத் தாயின் கையும் ஒரு நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து வைக்காது. ஆறு பேருக்கு ஆறு சீற், ஆறு பெல்ட். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியென்றால் ஏழு சீற் வண்டிதான். ஆனால் ஏழு சீற் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது என்பதை நான் அப்பாவிடம் இருந்துதான் படித்தேன். பல வருடங்களுக்கு முன் நாங்களும் ஒரு ஏழு சீற் ஜீப் வாங்கினோம். முதல் பெரிய பயணம் நல்லூர்த் திருவிழாவுக்கு. பிள்ளைகள் சின்னது, அவர்களோடு நானும் அம்மாவும் நடு வரிசையில் இருக்க வேண்டும் என்று அப்பா தானாகவே போய் மூன்றாவது வரிசையில் ஏறிக்கொண்டார். ஹொரவப்பொத்தானை தாண்டி வவுனியாவில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினபோது அவரால் இறங்க முடியவில்லை, முழங்கால் நெஞ்சில் முட்ட அவ்வளவு நேரம் மடங்கி இருந்திருக்கிறார், காலைத் தூக்கி நடு சீற்றைத் தாண்டி வைக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு, "வீட்டைப் பார்க்க ஆள் வேணும், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னார். எனக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாவது வரிசையில் யார் இருக்கப் போகிறார்கள்? இதை முடிவுசெய்தால் வாகனம் தானாகவே முடிவாகும்.

மாமி நிச்சயமாக முன் சீற்றில். கால் நீட்ட இடம், ஏசி நேராக வரும், இறங்கும்போது கதவை அகலத் திறக்கலாம். நீங்களும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் நடுவில். மூத்தவன் கடைசி வரிசையில் தனியாக. நீங்கள் சொன்ன 2016 காலத்து எக்ஸ்-ட்ரெயிலில், அதாவது டி32 மாதிரியில், கடைசி வரிசை இரண்டு பாதியாகப் பிரிந்து மடிகிறது, ஒரு பாதியில் அவன், மடித்த மற்றப் பாதியில் பைகள். ஏழு பேரும் இருந்தால் இந்த அளவு வாகனங்களில் பின்னால் இரண்டு சின்னப் பைதான் வைக்கலாம், ஆறு பேர் என்றபடியால் நீங்கள் தப்பினீர்கள். மூத்தவன் வேகமாக வளரும் வயது, இரண்டு வருடத்தில் அவன் தலை கூரையில் முட்டத் தொடங்கினால் இரண்டாவது பிள்ளையோடு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னுமொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கடைக்குட்டிக்குக் குழந்தைச் சீற் போடுவீர்கள் அல்லவா, அதைப் பூட்டிய பக்கத்தில் நடு சீற்றை முன்னுக்குத் தள்ள முடியாது, அந்தப் பக்கத்தால் பின்னுக்குப் போகவும் முடியாது. நமது நாட்டில் வீதியோரம் இடப்பக்கம், பிள்ளைகள் ஏறி இறங்குவதும் அந்தப் பக்கம்தான் நல்லது, ஆகவே குழந்தைச் சீற் வலப்பக்கம் வரட்டும். பார்க்கிற வாகனத்தில் இடப்பக்க நடு சீற் தனியாக நகர்கிறதா, மூத்தவனால் யாருடைய உதவியும் இல்லாமல் உள்ளே போய் வர முடிகிறதா என்று பாருங்கள். கடைசி வரிசைக்கு ஏசிக் காற்று போகிறதா என்பதையும் அவனையே கேளுங்கள், நமது ஏப்ரல் வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, எண்ணெய்க் கணக்கு. நாளைக்கு 12 கிலோமீற்றர், மாதத்தில் 24 நாள் என்றால் ஏறக்குறைய 290. கொழும்புக்கு 260 கிலோமீற்றர், போய்வர 520, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் மாதத்துக்கு 260. மொத்தம் 550. பிராடோ 2.7 டவுனும் நெடுவீதியும் கலந்து லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 79 லீற்றர் வேண்டும், பெற்றோல் எக்ஸ்-ட்ரெயில் 10 ஓடினால் 55, ஹைபிரிட் 13 ஓடினால் 42. ஓட்டுகிற கையைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடிக் குறையும், ஆனால் இந்த இடைவெளியைப் பாருங்கள்: நீங்கள் ஓடுகிற தூரத்துக்குப் பெற்றோல் எக்ஸ்-ட்ரெயிலை விட ஹைபிரிட் மிச்சப்படுத்துவது மாதம் 13 லீற்றர். ஹைபிரிட் எடுத்தால் கிளினிக் பயணத்துக்கு ஒவ்வொரு முறையும் வாடகைக்குக் கேடிஎச் வான் பிடிக்க வேண்டும், இரண்டு மாதத்தில் சேர்கிற அந்த 26 லீற்றர் பெற்றோல் காசுக்கு யாரும் கொழும்புக்கு வான் விடமாட்டார்கள். அதோடு பத்து வருடப் பற்றறி ஒருநாள் கையைக் கடிக்கும். நாளாந்தம் அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடுகிற நாலு பேர் வீடு என்றால் நானே ஹைபிரிட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

மச்சான் சொன்ன பிளக்-இன்னும் நல்ல வாகனம்தான். இரவில் வீட்டில் செருகிவிட்டால் உங்கள் பள்ளிக்கூட ஓட்டம் முழுவதும் கரண்டிலேயே முடிந்துவிடும். ஆனால் ஆறாவது ஆளுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

பிராடோ விஷயத்தில் உங்கள் கணவரின் ஆசையை நான் மதிக்கிறேன். லாரிக்கு இருப்பது போலத் தனிச் சட்டத்தின் மேல் கட்டிய வாகனம், கரடுமுரடான பாதையில் வருடக்கணக்காக அடி வாங்கினாலும் தாங்கும், விற்கப் போனாலும் நல்ல விலை நிற்கும். வன்னிக் காட்டுப் பாதையில் தினமும் வேலை என்றால் அதற்கு நிகர் குறைவு. ஆனால் உங்கள் பாதை உப்புவெளி வீதியும் கொழும்புக்குப் போகிற ஏ6 நெடுவீதியும். தம்பலகாமத்து வயல் பாதைக்கு எக்ஸ்-ட்ரெயிலின் 20 சென்ரிமீற்றர் உயரம் போதும், மாரி மழையில் வரம்போரம் சேறாகிவிட்டால் பிராடோவையும் வீதியில் நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் புத்தி. இரண்டு தொன் எடை, ரயர் விலை கூட, பிரேக் விலை கூட. பின்கதவு மேலே தூக்கித் திறப்பதில்லை, வீட்டுக் கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறக்கிறது, டவுன் கடைத்தெருவில் பின்னால் ஒரு ஓட்டோ நெருங்கி நின்றால் சாமான் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் விட அதன் படி உயரம். முழங்கால் நோகிற ஒருவர் ஒரு கொழும்புப் பயணத்தில் எத்தனை தரம் ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் முடிவு: ஏழு சீற் பெற்றோல் எக்ஸ்-ட்ரெயில், 2.0 லீற்றர், டி32. கிடைக்காவிட்டால் ஏழு சீற் பெற்றோல் அவுட்லாண்டர். யாராவது டீசல் எடுக்கச் சொன்னால், புதிய டீசல்களில் புகைக் கரியைப் பிடித்து எரிக்கிற வடிகட்டி இருக்கிறது, அது சூடேறி எரிய நீண்ட ஓட்டம் வேண்டும், ஆறு கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுங்கள்.

விலையைக் கண்டு மலைப்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அதனால் சந்தையில் இருப்பது ஒன்றில் நிறுத்துவதற்கு முன் வந்தவை, அல்லது திறந்த பிறகு புது வரியோடு வந்தவை. என்ஜின் பெரிதாகப் பெரிதாக வரியும் ஏறுகிறபடியால் பழைய பெரிய ஜீப்புகளின் விலையும் இறங்கவில்லை. கையில் இருக்கிற காசு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், நாலு ரயர், ஒரு பற்றறி, எண்ணெய்கள் மாற்ற என்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பார்க்கப் போகும்போது முதலில் வாகனத்துக்குக் கீழே பாருங்கள். நாம் கடலோரத்து ஆட்கள், உப்புக் காற்று மேல் பெயின்ரைத் தொடும் முன்னே அடியில் உள்ள பிரேக் குழாய்களையும் சைலன்சரையும் தின்றுவிடும். கழுவிக் கறுப்பு அடித்து வைத்திருந்தால் இன்னும் கவனம், உங்களுக்குத் தெரிந்த கராஜ்காரரைக் கூட்டிப்போய்க் கார் தூக்கியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகும் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

மீற்றரை நம்பாதீர்கள். எனக்கு ஒரு விற்பனைக்காரர் 60,000 கிலோமீற்றர் என்று காட்டிக் கொடுத்த வாகனத்தின் பழைய சேர்விஸ் சீட்டு ஒன்று பிறகு டாஷ்போர்ட்டுக்குள்ளிருந்து கிடைத்தது, அதில் 1,10,000 தாண்டியிருந்தது. ஸ்டியரிங் தோல், பிரேக் மிதி, ஓட்டுநர் சீற்றின் ஓரம் ஆகிய மூன்றும் மீற்றரை விடக் கூடுதலாக உண்மை சொல்லும். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது வாகனத்தின் நிலையைக் குறித்த ஏல அறிக்கை இருந்தால் கேளுங்கள், தரம் எழுதும் இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வாகனம். ரயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது, தடிப்பாக இருந்தாலும் பழைய ரயரை மாற்றத்தான் வேண்டும்.

எக்ஸ்-ட்ரெயிலில் கியர் மாறுகிற அடி தெரியாத சிவிடி கியர். அதற்கென்று உள்ள எண்ணெயை மாற்றிய பதிவு இருக்கிறதா பாருங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு நேர் வீதி போதாது, உவர்மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள், ஏசியைப் போட்டு, ஆறு பேரையும் ஏற்றி, ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுங்கள். நடுக்கமோ இழுபறியோ இருந்தால் அந்த வாகனம் வேண்டாம்.

விலை குறைவு என்று 2010க்கு முந்திய சிஆர்-வி அல்லது பழைய எக்ஸ்-ட்ரெயில் காட்டினால் டகாட்டா ஏர்பேக் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அந்த ஏர்பேக்கை ஊதவைக்கிற இரசாயனம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்காக இருந்து கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் அடித்து உலகத்தில் பல பேர் இறந்திருக்கிறார்கள். நமது காலநிலை அதற்குத் தோதான காலநிலை. செசி இலக்கத்தைக் கொடுத்தால் மாற்றியதா இல்லையா என்று கம்பனி முகவர் பார்த்துச் சொல்வார்.

கொழும்பிலிருந்து திரும்பும்போது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிவிடாமல் புறப்படுங்கள். யானை வீதியில் நிற்கும்போது எந்த ஜீப்பும் பெரிய ஜீப் இல்லை. கிளினிக் முடியப் பின்னேரமாகிவிட்டால் இரவு அங்கேயே தங்கி விடியப் புறப்படலாம், குருநாகல் வரையில் மீரிகமையில் இருந்து அதிவேகப் பாதை 2022இல் திறந்த பிறகு காலைப் பயணம் எவ்வளவோ இலகு.

சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேர் மட்டும் போகாதீர்கள். வெயில் ஏறுமுன் மாமியையும் மூத்தவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமி முன் சீற்றில் தானாக ஏறி, தானாக இறங்கட்டும், இரண்டு தரம். மூத்தவனைக் கடைசி வரிசையில் இருத்தி உவர்மலை போய் வரும் வரை இறங்க விடாதீர்கள். "பரவாயில்லை பிள்ளை" என்று மாமி சொன்னால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்காமல், இறங்கும்போது அவர் கதவை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள்.