ஒரு முறை இறக்கினால் போதும்: நெட்வொர்க் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஆபீஸிலோ லேபிலோ பட்டறையிலோ நாலைந்து கம்ப்யூட்டர் இருக்கிறது. சாஃப்ட்வேரும் டேட்டாவும் எல்லாருக்கும் பொது. ஆனால் யார் இறக்குவது, எங்கே வைப்பது, யார் மாற்றலாம் என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. அந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் கீழே உள்ள தொல்லைகளில் பெரும்பாலானவை வரவே வராது. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டில் பள்ளி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். 18 கம்ப்யூட்டர், ஒரே பிராட்பேண்ட். மாதத்தின் இரண்டாவது வாரம் வந்தால் நெட் படுத்துவிடுகிறது. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். இரண்டாவது வாரம் என்று கவனித்தீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி அது செவ்வாய் இரவு. மறுநாள் காலை லேபைத் திறந்து 18 கம்ப்யூட்டரையும் ஒன்றாகப் போடுகிறீர்கள். ஒவ்வொன்றும் அதே ஃபைலைத் தனித்தனியாக இழுக்கிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் டெலிவரி ஆப்டிமைசேஷன். மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து டவுன்லோட் செய்ய அனுமதிப்பதை ஆன் செய்யுங்கள். கீழே இரண்டு தேர்வு வரும். லோக்கல் நெட்வொர்க் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட்டையும் சேர்த்தால் உங்கள் அப்லோட் வேகத்தை முகம் தெரியாதவர்களுக்கும் கொடுக்க வேண்டி வரும். மலையில் கிடைக்கிற லைனுக்கு அது கட்டுப்படியாகாது.

அப்புறம் பழக்கம். புதன்கிழமை காலை ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு அப்டேட்டை முழுதாக இறக்க விடுங்கள். அது முடிந்தபின் மற்றவற்றைப் போடுங்கள். பெரும்பகுதியைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். பக்கத்திலிருந்து வந்த துண்டுகளை விண்டோஸ் சரிபார்த்த பிறகுதான் ஏற்கும், அதனால் நடுவில் யாரும் கலப்படம் செய்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். அதே பக்கத்தில் ஆக்டிவிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு இன்டர்நெட்டிலிருந்து வந்தது, எவ்வளவு லேபுக்குள்ளிருந்தே வந்தது என்று அதில் தெரியும்.

லேபுக்குள்ளிருந்து பூஜ்யம் என்று காட்டினால் மூன்றைப் பாருங்கள். வைஃபை ரவுட்டரில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாத ஐசொலேஷன் ஆனில் இருக்கலாம். வேறு ஃபயர்வால் போட்டிருந்தால் இந்தப் பகிர்வு நடக்கும் 7680 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல்) மூடியிருக்கலாம். 4 ஜிபிக்குக் குறைவான ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் இயல்பு நிலையில் இந்தப் பகிர்வில் சேராது. முதலில் போடும் கம்ப்யூட்டர் லேபிலேயே நல்ல ராம் உள்ளதாக இருக்கட்டும்.

டபிள்யூசஸ் சர்வர் (அப்டேட்டை ஓரிடத்தில் இறக்கி மற்றவற்றுக்குப் பிரித்துத் தரும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) வைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், 18 கம்ப்யூட்டருக்கு அது வேண்டாத பாரம். அதில் இனிப் புது வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது.

இளம்பிள்ளையில் சேலை உற்பத்தி. டிசைன் ஃபைலைப் படித்து நெய்யும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறி ஆறு, டிசைன் போடும் கம்ப்யூட்டர் இரண்டு. டிசைன் எல்லாம் ஒரே ஷேர் ஃபோல்டரில். ஒரு பார்டர் டிசைனைத் திருத்தி அதே பெயரில் சேவ் செய்துவிட்டார்கள். தறியில் சேலை மாறி ஓடிய பிறகுதான் தெரிந்தது. இனி நடக்காமல் இருக்க என்ன வழி?

நூலும் கூலியும் போன பிறகு தெரியவந்த தவறு. திருத்தியவர் மேல் கோபப்படுவதற்கு முன் ஃபோல்டரைப் பாருங்கள். அதில் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்று நாமே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

ஒரு ஃபோல்டரை இரண்டாக்குங்கள். ஒன்று ‘வேலை’, இன்னொன்று ‘தறி’. டிசைன் போடுகிறவர்கள் ‘வேலை’ ஃபோல்டரில் எப்படி வேண்டுமானாலும் திருத்தட்டும். தறிக்குப் போகும் டிசைன் ‘தறி’ ஃபோல்டரிலிருந்து மட்டுமே போக வேண்டும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒரே ஒருவருக்கு. அது முதலாளியாக இருக்கலாம், மூத்த டிசைனராக இருக்கலாம். மற்ற எல்லாருக்கும் ரீட் மட்டும். விண்டோஸில் இந்த உரிமை இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேரிங் என்ற டேபில் ஒன்று, செக்யூரிட்டி என்ற டேபில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆளுக்கொரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கட்டாயம். எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே வந்தால் உரிமை பிரித்ததற்கே அர்த்தமில்லை.

அடுத்தது ஃபைல் பெயர். ‘புது பார்டர்’, ‘புது பார்டர் ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று வைப்பதை இன்றோடு விடுங்கள். டிசைன் எண், எந்தப் பகுதி, ஹூக் (பாவு நூலைத் தூக்கும் கொக்கி) எண்ணிக்கை, எத்தனையாவது திருத்தம், இந்த நான்கும் பெயரிலேயே இருக்கட்டும். 1147, பார்டர், 2688, திருத்தம் 03 என்ற மாதிரி. திருத்தினால் 03 அடுத்து 04 ஆக வேண்டும். 03 அப்படியே இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஓடிய பார்டரையே பொங்கலுக்கும் கேட்கும் ஜவுளிக்கடைகள் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில தறிக் கண்ட்ரோலர்கள் நீளமான பெயரையோ தமிழ் எழுத்தையோ வாசிக்காது. முதலில் ஒரு தறியில் போட்டுப் பார்த்துவிட்டு முறையை முடிவு செய்யுங்கள்.

தறிக்குப் பென்டிரைவில்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், காப்பி முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்காமல் எஜெக்ட் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபைல் பாதி எழுதப்பட்ட நிலையில் தறிக்குப் போக வாய்ப்பிருக்கிறது. பென்டிரைவ் பயணம் ஒரு வழிப் பாதையாகவும் இருக்கட்டும். ‘தறி’ ஃபோல்டரிலிருந்து தறிக்குப் போகலாம், தறியிலிருந்து திரும்பி ஃபோல்டருக்குள் எதுவும் வரக்கூடாது. கடைசியாக, இந்த ஃபோல்டர்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் அவற்றை விண்டோஸ் லைப்ரரியில் சேர்த்து, ஃபைல் ஹிஸ்டரியை (பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி) ஆன் செய்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கைக் காட்டிவிடுங்கள். அதே பெயரில் சேவ் செய்தாலும் முந்தைய பதிப்பு அங்கே கிடைக்கும்.

லீ பஜாரில் மொத்த வியாபாரம். விண்டோஸ் 11 பெரிய அப்டேட் வந்த பிறகு, பழைய நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் பொதுவாக மாட்டிய ஹார்டு டிஸ்க் பெட்டி) இருக்கும் ஃபோல்டர் திறக்கவே இல்லை. எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்கிறார்கள்.

அதை மட்டும் செய்யாதீர்கள். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் ஃபைலைப் பகிரும் முறை, 1 அதன் பழைய பதிப்பு. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே அது இயல்பாக நிறுவப்படுவதில்லை.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வேறு விஷயம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ எடிஷனில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமுள்ள இணைப்பையும் கேட்கிறது. நாஸ் பெட்டியின் அட்மின் பக்கத்துக்குள் போய் யூசர் பெயர், பாஸ்வேர்டு உருவாக்குங்கள். எஸ்எம்பி 2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுத்து, பெட்டியின் ஃபர்ம்வேரையும் (அதற்குள் இருக்கும் சாஃப்ட்வேர்) புதுப்பியுங்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பெட்டி என்றால் டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

அஸ்தம்பட்டியில் ஆடிட்டர் ஆபீஸ். டேலி டேட்டா ஃபோல்டரை கிளவுட் டிரைவ் சிங்க்கில் (தானாக நகலெடுத்து ஒத்துவைக்கும் வசதி) போட்டு மூன்று கம்ப்யூட்டரில் வேலை செய்கிறோம். சில நாள் என்ட்ரி காணாமல் போகிறது.

இன்றே நிறுத்துங்கள். கணக்கு சாஃப்ட்வேர் ஒரே நேரத்தில் பல ஃபைல்களைத் திறந்து வைத்து எழுதும். சிங்க் செயலியோ ஒவ்வொன்றையும் தன் வசதிக்கு வெவ்வேறு நேரத்தில் ஏற்றும். இரண்டு பேர் ஒரே கம்பெனியில் என்ட்ரி போட்டால் கடைசியாக ஏறியது நிற்கும், மற்றது போய்விடும்.

முறையான வழி, டேட்டா ஒரே கம்ப்யூட்டரில் இருப்பது. மற்றவை நெட்வொர்க் பாதை வழியாக அதையே திறக்க வேண்டும். டேலிபிரைமில் சில்வர் லைசென்ஸ் ஒரு யூசருக்கு, ஒரே நெட்வொர்க்கில் பலர் சேர்ந்து வேலை செய்ய கோல்டு வேண்டும். கிளவுடுக்கு டேலியிலேயே எடுக்கும் பேக்கப் ஃபைலை மட்டும் அனுப்புங்கள். காணாமல் போன என்ட்ரிகளைத் தேட, கிளவுட் டிரைவின் பழைய பதிப்புகளையும், ‘கான்ஃபிளிக்ட்’ என்ற பெயரில் உருவான நகல்களையும் இப்போதே வேறு இடத்துக்கு எடுத்து வையுங்கள். பழைய பதிப்புகளைப் பல கிளவுட் டிரைவ்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருக்காது.

காபி எஸ்டேட் ஆபீஸ் ஏற்காட்டில், ஹெட் ஆபீஸ் சேலத்தில். மழை நாளில் நெட் அறுந்து அறுந்து வருகிறது. பெரிய ஃபைல் பாதியில் நின்றால் முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. போதாததற்கு இடி விழுந்து நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி) போய்விட்டது.

சிங்க்திங் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் யாருடைய சர்வரிலும் உங்கள் டேட்டா சேமிக்கப்படாது. எஸ்டேட் பக்கம் ‘அனுப்ப மட்டும்’, சேலம் பக்கம் ‘பெற மட்டும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சேலம் பக்கத்தில் ஃபைல் வெர்ஷனிங்கை ஆன் செய்தால் அழிந்த ஃபைலும் கொஞ்ச காலம் இருக்கும். ஆனாலும் இதை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள், தனியாக ஒரு பேக்கப் எடுங்கள்.

இடி விஷயம்: ஆபீஸுக்கும் குடோனுக்கும் நடுவே வெளியில் போகும் செப்புக் கேபிளை ஃபைபராக மாற்றுங்கள். ஃபைபரில் மின்சாரம் பாயாது. இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) போதும். 100 மீட்டருக்கு மேல் ஈதர்நெட் செப்புக் கேபிள் தாங்காது என்ற பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும்.

ஐந்து ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம் காப்பி ஆக நேரமாகிறது. ஸ்விட்ச் கிகாபிட்தான்.

கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று முனையில் சரியாகக் க்ரிம்ப் ஆகவில்லை (இறுகவில்லை) என்றாலும் லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். விநாடிக்கு 11, 12 எம்பியில் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். சரியாக இருந்தால் 100 எம்பியைத் தாண்டும்.

சூரமங்கலத்தில் டிடிபி சென்டர். எல்லா செட்டப் ஃபைலும் ஒரு பென்டிரைவில் சுற்றுகிறது. இதில் ஆபத்து உண்டா?

உண்டு. எந்தக் கம்ப்யூட்டரில் எல்லாம் செருகினோம் என்று யாருக்கும் தெரியாத பென்டிரைவிலிருந்து அட்மின் உரிமையோடு ஒரு செட்டப்பை ஓட்டுகிறோம். ஒரு கம்ப்யூட்டரில் ‘செட்டப்’ என்று ரீட் மட்டும் உரிமையுள்ள ஷேர் ஃபோல்டர் வையுங்கள். தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பல தளங்களில் ஷா-256 என்று 64 எழுத்துள்ள ஒரு குறியீடு கொடுத்திருப்பார்கள், அது ஃபைலின் கைரேகை மாதிரி. இறக்கிய ஃபைலின் குறியீட்டை விண்டோஸில் உள்ள பவர்ஷெல்லிலேயே (கட்டளை எழுதும் திரை) கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒத்துவந்தால் தேதியோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிப் பக்கத்திலேயே வையுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கிராக் செய்த போட்டோ எடிட்டர், ஃபான்ட் பேக் எதற்கும் அந்த ஃபோல்டரில் இடமில்லை. வாடிக்கையாளர்களின் ஆதாரும் பத்திரமும் உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஆகின்றன.

காலேஜ் லேபில் உபுண்டு லினக்ஸ் போட்ட 40 கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் ஒரே பேக்கேஜை (சாஃப்ட்வேர் தொகுப்பு) 40 தடவை இறக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரில் ஏபிடி-கேச்சர்-என்ஜி (இறக்கிய பேக்கேஜைச் சேமித்து வைத்து மற்றவற்றுக்குத் தரும் செயலி) போட்டு, மற்றவற்றில் சாஃப்ட்வேர் நிறுவும் கருவியான ஏபிடியின் கான்ஃபிகரேஷனில் அதன் முகவரியையும் 3142 என்ற போர்ட்டையும் ப்ராக்ஸியாக (இடையில் நின்று வாங்கித் தருவதாக) ஒரு வரி எழுதினால் முடிந்தது. முதலில் கேட்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளியிலிருந்து வரும். அந்தக் கம்ப்யூட்டருக்கு ரவுட்டரில் ஐபி முகவரியை நிலையாக ஒதுக்குங்கள். அது அணைந்திருந்தால் மற்ற 39-லும் அப்டேட் நிற்கும்.

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். நெட் கிடையாது. பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியா காட்ட வழி உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி விக்கிப்பீடியா முழுவதையும் ஜிம் என்ற ஒரே ஃபைலாகத் தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் கிடைக்கும். படம் இல்லாத சிறிய பதிப்பும் உண்டு. அறிவியல் சோதனைகளை அசைத்துப் பார்க்கும் பெட் (PhET) சிமுலேஷன்களையும் இதே வடிவில் வாங்கலாம். சேலம் வரும்போது நல்ல லைனில் ஒரு முறை இறக்கிக்கொள்ளுங்கள். 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைலை ஃபேட்32 பென்டிரைவ் ஏற்காது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொண்டு போங்கள்.

வகுப்பில் ஒரு பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரோ போதும். அதில் கிவிக்ஸ் சர்வரை ஓட்டி, சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்றை வைத்தால் பிள்ளைகளின் டேப்லெட்டிலோ பெற்றோரின் போனிலோ பிரவுசரிலேயே திறக்கும். சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள், கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி நிற்கும் வரை வகுப்பு ஓடும். புதுப் பதிப்பு வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஃபைலை மாற்றினால் போதும். புதியது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.