இடுப்பு மூட்டு மாற்று: கம்ப்யூட்டர் காட்டும் டிகிரியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. ரத்த ஓட்டம் நின்றுபோய் தொடை எலும்பின் பந்து நொறுங்கிவிட்டது. மூட்டு மாற்று அறுவையை ‘நேவிகேஷன் வைத்துச் செய்வோம்’ என்கிறார் டாக்டர். அப்படியானால் மெஷின்தான் ஆபரேஷன் செய்யுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. வெட்டுவதும் குடைவதும் டாக்டரின் கைதான். ரோபோ வேறு வகை. 1992ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட ‘ரோபோடாக்’, தொடை எலும்பின் உட்குழியைத் தானே குடைந்தது. நேவிகேஷன் எதையும் குடையாது. எலும்பும் கருவியும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று அளந்து, திரையில் எண்ணாகக் காட்டும்.

சி.டி. ஸ்கேன் தேவைப்படாத வகையில் வேலை இப்படி நடக்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் 3–4 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பின்களைத் திருகி, ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகள் கொண்ட டிராக்கரை அதில் பூட்டுவார்கள். சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்கும் அகச்சிவப்புக் கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு குச்சிக் கருவியால் சில இடங்களைத் தொட்டுப் பதிவு செய்வார்கள்: இடுப்பின் முன்னால் இருபுறமும் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனைகள், அடிவயிற்றுக்குக் கீழே உள்ள பூப்பெலும்பு. இவற்றைச் சேர்த்தால் ஒரு தளம் கிடைக்கிறது. புது மூட்டில் பந்து உட்காரும் கிண்ணம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது (சரிவு), எவ்வளவு முன்னோக்கித் திரும்பியிருக்கிறது (முன்திருப்பம்) என்பவை இந்தத் தளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன.

எலும்புக் குழியைக் கடைசியாகக் குடைந்த அளவைவிட 1–2 மி.மீ. பெரிய கிண்ணமாக எடுத்து, அடித்து இறுக்குவது வழக்கம். அடிக்கிற அடியில் அது சில டிகிரி திரும்பிவிடலாம். அதனால் அடிப்பதற்கு முன் திரை காட்டியதை விட்டுவிட்டு, இறுகிய பிறகு காட்டும் எண்ணையே குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டிகிரி சுத்தமாகக் கணக்கிட்டு வைத்தால் பந்து நழுவ வாய்ப்பே இல்லை என்று ஒரு விளம்பரத்தில் படித்தேன். உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த விளம்பரத்தை நம்பாதீர்கள். காட்டும் டிகிரி சரியா என்பது ஒரு கேள்வி. அந்த டிகிரி உங்கள் உடம்புக்கு ஏற்றதா என்பது இன்னொரு கேள்வி. கம்ப்யூட்டர் உதவுவது முதல் கேள்விக்கு மட்டும்தான், அதுவும் அதற்குக் கொடுத்த புள்ளிகள் சரியாக இருந்தால்.

புள்ளிகள் பிசகும் இடம் பெரும்பாலும் பூப்பெலும்புதான். இடுப்பு முனைகளின் மேல் தோல் மெலிந்திருக்கும். பூப்பெலும்பின் மேல் கொழுப்பு தடித்திருக்கும். குச்சி எலும்பைத் தொடாமல் கொழுப்பின் மேலேயே நின்றுவிடும். இடுப்பு முனைக்கும் பூப்பெலும்புக்கும் உயரத்தில் சுமார் 9 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். இரண்டு இடங்களிலும் உள்ள கொழுப்பின் வித்தியாசம் 1 செ.மீ. என்றால் தளம் 6 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். முன்திருப்பத்தில் அது 4 அல்லது 5 டிகிரி பிழையாக வரும். அதுவும் ஒரே பக்கமாக: கம்ப்யூட்டர் குறைத்துக் காட்டும், திரையில் 15 என்றால் உள்ளே 20 இருக்கும். பருமனானவர்களுக்கு இதைக் கணக்கில் எடுக்காத டாக்டர், பிழையைத் துல்லியமாக அடித்து இறுக்குகிறார் என்றே சொல்ல வேண்டும். குச்சியை எலும்பு தட்டுப்படும்வரை நன்றாக அழுத்துவது ஒரு வழி. முன்கூட்டியே சி.டி. எடுத்து அதோடு பொருத்துவது இன்னொரு வழி. சி.டி.யில் கதிர்வீச்சும் செலவும் உண்டு.

அடுத்த பிழை டிராக்கர் அசைவது. எலும்பு மெலிந்தவர்களுக்கு, டிராக்கரைத் தாங்கும் பின் சரியாகப் பிடிக்காது. உதவியாளரின் முழங்கை பட்டாலே நகரும். திரை அப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஆரம்பத்திலேயே எலும்பில் ஓர் அடையாளப் புள்ளியைப் பதிந்து, நடுவில் மறுபடி தொட்டுச் சரிபார்க்க வேண்டும். உருண்டையில் ரத்தம் தெறித்தாலும், யாராவது குறுக்கே நின்றாலும் கேமராவுக்குத் தெரியாது. அப்போது துடைத்து, விலகி நின்றால் போதும்.

அந்த டிகிரி உடம்புக்கு ஏற்றதா என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். சரிவு 40, முன்திருப்பம் 15, இரண்டிலும் 10 டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்று 1978ல் லூவினெக் குழுவினர் எழுதியதைத்தான் பல காலம் ‘பாதுகாப்பு எல்லை’ என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2016ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பந்து நழுவிய 206 மூட்டுகளை ஆராய்ந்தபோது, 58 சதவீதத்தில் கிண்ணம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. தசை இறுக்கம், பந்தின் அளவு, தொடை எலும்புக்குள் செருகும் தண்டின் திருப்பம், முதுகெலும்பு ஆகிய எல்லாவற்றுக்கும் நழுவலில் பங்கு உண்டு. அதற்காக நேவிகேஷன் வீண் என்று எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலிய மூட்டு மாற்று அறுவைப் பதிவேட்டில் நேவிகேஷனோடு செய்த 6,912 அறுவைகளை மற்றவற்றோடு ஒப்பிட்டதில், நழுவலுக்காக மறுபடி அறுப்பது குறைவாகவே இருந்தது.

கேள்வி: கீழ் முதுகில் திருகு போட்டு எலும்புகளை இணைத்திருக்கிறார்கள். இப்போது இடுப்பு மூட்டும் மாற்ற வேண்டுமாம். ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: கட்டாயம் வேண்டும். முதுகு வளைபவருக்கு, நின்ற நிலையிலிருந்து உட்காரும்போது இடுப்பெலும்பு சுமார் 20 டிகிரி பின்னால் உருளும். அதோடு கிண்ணமும் முன்பக்கம் திறந்துகொடுக்கும், மடியும் தொடைக்கு இடம் கிடைக்கும். உங்களுக்கு இடுப்பு அப்படி உருளாது. தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தண்டின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடித்து, பந்து பின்பக்கமாக நழுவலாம். கீழ் முதுகின் வளைவு தட்டையாகி, இடுப்பு உட்கார்ந்த நிலையிலேயே பின்னால் உருண்டபடி இறுகிப்போனவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கம். நிற்கும்போது பந்து முன்னால் நழுவலாம்.

அறுவைக்கு முன் பக்கவாட்டில் இரண்டு எக்ஸ்ரே கேளுங்கள், ஒன்று நின்றபடி, ஒன்று உட்கார்ந்தபடி. முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பின் சரிவு இரண்டுக்கும் இடையே 10 டிகிரிகூட மாறவில்லை என்றால் இடுப்பு விறைத்திருக்கிறது. அப்போது கோணத்தை உங்களுக்கென்று தனியாகத் தீர்மானிக்க வேண்டும். பந்துக்கு வெளியே இன்னொரு பெரிய பந்தாக அசையும் ‘டூயல் மொபிலிட்டி’ வகை மூட்டையும் டாக்டர் யோசிப்பார். ‘ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்ற முதுகெலும்பு அழற்சி நோயில் முதுகு மூங்கில்போல் இறுகியவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: நேவிகேஷனில் செய்தும் ஒரு கால் நீளமாகத் தெரிகிறது. ஆறு வாரம் ஆகிறது. அளவில் தவறா?
– வாசகி, ஈரோடு

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூட்டைப் பிரிக்கும் முன்னும் புது மூட்டு பொருத்திய பின்னும் கால் ஒரே நிலையில் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். தொடைக்குத் தனி டிராக்கர் வைக்காமல் அளக்கும் முறையில், கால் 5 டிகிரி அகன்றிருந்தாலே 7–8 மி.மீ. பிசகலாம். ஆனால் ஆறாவது வாரத்தில் இடுப்புத் தசைகள் இன்னும் இறுகியே இருக்கும். இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து கால் நீண்டதுபோல் காட்டும். பயிற்சியில் இது சில மாதங்களில் தளரும். நின்றபடி எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயில் அளந்து பாருங்கள். அதற்குள் அவசரப்பட்டு மற்றக் காலின் செருப்பில் கட்டை வைத்துவிடாதீர்கள், சாய்வு அப்படியே நிலைத்துவிடும்.

கேள்வி: பின் போட்ட இடத்தில் தனிக் காயம் இருக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இருக்கும். பெரிய தழும்புக்குச் சற்று மேலே, விரல் நகமளவு கீறல் ஒன்றிரண்டு. சில நாள் பெல்ட் உரசினால் வலிக்கும். தளர்ந்த வேட்டியோ நாடா பைஜாமாவோ நல்லது. தையல் பிரிக்கும்வரை நனைக்க வேண்டாம். அங்கே சிவந்தாலோ நீர் கசிந்தாலோ, சின்னக் காயம்தானே என்று விடாமல் அன்றைக்கே காட்டுங்கள். பின் எலும்புக்குள் போன வழி அது.